சென்னையில் ஃபிளாட் வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா: நாலு வழி, ஒரு கணக்கு

சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, சிறுசேரி பக்கத்துல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். எண்பது லட்சம். ஞாயித்துக்கிழமைக்குள்ள டோக்கன் போட்டா கார் பார்க்கிங் ஃப்ரீயாம். போட்டுடவா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்: "வாடகை குடுக்குற காசுக்கு ஈ.எம்.ஐ. கட்டினா வீடாவது நம்மளுதாகும்ல?"

அந்தக் கடைசி வரியைச் சென்னையில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால்தான் இடிக்கும். அவன் மேடவாக்கத்தில் இப்போது கொடுக்கும் வாடகை 22,000. வரப்போகிற ஈ.எம்.ஐ. 52,000. இதில் "வாடகை குடுக்குற காசு" எங்கே இருக்கிறது?

அந்த இலவச பார்க்கிங் இன்னொரு வேடிக்கை. திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடம் என்கிறது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். தூண்களுக்கு அடியில் விடுகிற ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாக விலை போட்டு விற்க முடியாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் சொல்லிவிட்டது. தனியாக விற்கவே முடியாததை இலவசச் சலுகை என்று தருகிறார்கள், அதற்கும் ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வேறு.

அவன் நிலவரம் இது: அவனுக்கு வேலை சிறுசேரியில், மனைவிக்குக் கிண்டியில், பெண்ணுக்கு நாலு வயது, இரண்டு பேர் சேமிப்பையும் கூட்டினால் 37 லட்சம் தேறும். இதே மாதிரி நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பல வருடம் வாடகையில் இருந்துவிட்டு நங்கநல்லூரில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கிக் குடியிருப்பவன் நான். அந்தச் சாய்வு எழுத்தில் தெரியும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

விலையை வைத்து ஆரம்பிக்காதீர்கள். நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் எத்தனை வருடம் இருப்பீர்கள்? வாங்கிய அன்றைக்கே திரும்பி வராத பணம் என்று ஒன்று இருக்கிறது: முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., புரோக்கர் கமிஷன், உங்கள் அளவுக்கு அடித்த அலமாரி. எண்பது லட்ச வீட்டில் இது பத்து லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். மூணு வருடத்தில் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போகிற வாய்ப்பு இருந்தால் மீதிக் கேள்விகளைப் படிக்கவே வேண்டாம்.

கையிலிருந்து ரொக்கமாக எவ்வளவு போகும்? 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம், இதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் பொதுவாக அந்த மதிப்பில் சேராது. எண்பது லட்சத்துக்கு அதிகபட்சம் 64 லட்சம் கிடைக்கும். "இருபது சதவீதம் இருந்தால் போதும்" என்று விற்பனைப் பையன் சொல்வது பாதி உண்மை.

மண் எவ்வளவு? அதாவது யு.டி.எஸ்., மொத்த மனையில் உங்கள் பங்கு. பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்குமே, அது. நான் பார்த்த வரைக்கும் ஃபிளாட் வாங்குகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் டைல்ஸ் என்ன பிராண்டு என்று கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. கட்டடம் வருடா வருடம் பழசாகிக்கொண்டே வரும், மதிப்பு ஏறுவது அடியில் இருக்கும் மண்ணுக்குத்தான். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பார்கள். முன்பு சாதாரணக் குடியிருப்புகளுக்கு அது 1.5 என்று இருந்தது, 2019 கட்டட விதிகளில் அது 2 ஆனது, உயரமான கட்டடங்களுக்கு 3.25. குறியீடு ஏற ஏற அதே மண்ணில் அதிக வீடுகள் வரும், ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். அதனால்தான் 1990-களில் கட்டிய 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500, 600 சதுர அடி மண் இருக்கும், இன்றைக்கு அடுக்குமாடியில் 1,200 சதுர அடி வாங்கினாலும் 370-ஐத் தாண்டுவது கஷ்டம்.

தண்ணீர். சென்னையில் இது இரண்டு கேள்வி. மே மாதத்தில் வருமா, டிசம்பரில் வந்து நிற்குமா.

வெளியே வர முடியுமா? அவசரத்துக்கு விற்க வேண்டும் என்றால் எத்தனை மாதம் ஆகும், அதே வளாகத்தில் பில்டரிடமே இன்னும் விற்காத வீடுகள் இருந்தால் உங்களிடம் யார் வருவார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இப்படி இருக்கும்:

| | வாடகை | புறநகரில் புது ஃபிளாட் | ஊருக்குள் பழைய ஃபிளாட் | மனை |
|---|---|---|---|---|
| எத்தனை வருடத்துக்கு | எவ்வளவானாலும் | 8 முதல் 10 | 7, 8 | 10-க்கு மேல் |
| நுழைவுச் செலவு | அட்வான்ஸ், வண்டி வாடகை | பதிவு 7%, கட்டி முடியாதிருந்தால் ஜி.எஸ்.டி. 5% | பதிவு 9%, புரோக்கர், ரிப்பேர் | பதிவு 9%, புரோக்கர் |
| மண் | கிடையாது | குறைவு | நிறைய | முழுசும் |
| தண்ணீர் | பிடிக்காவிட்டால் மாறலாம் | பெரும்பாலும் போரும் லாரியும் | மெட்ரோ வாட்டர் இருக்கும், குழாய் பழசு | போர் போட்டால்தான் தெரியும் |
| தலைவலி | ஹவுஸ் ஓனர் | பில்டர், மெயின்டனன்ஸ் | கசிவு, பத்திரம், பக்கத்து வீட்டார் | எல்லைக்கல், ஆக்கிரமிப்பு |
| வெளியே வருவது | ஓரிரு மாத நோட்டீஸ் | மெதுவாக | ஓரளவு சுலபம் | இடத்தைப் பொறுத்தது |

## வழி 1: வாடகையிலேயே இருப்பது

முதலில் கணக்கு. 80 லட்ச வீடு, 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 52,000. இருபது வருடத்தில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 1 கோடியே 25 லட்சம். முதல் வருடம் கட்டுகிற ஆறேகால் லட்சத்தில் அசலில் கழிவது 1.2 லட்சம்தான், மீதி ஐந்து லட்சம் வட்டி. அந்த ஐந்து லட்சமும் வாடகை மாதிரியே போனது போனதுதான், வாங்கிக்கொள்வது ஹவுஸ் ஓனருக்குப் பதில் பேங்க், அவ்வளவு வித்தியாசம்.

இப்போது வாடகைப் பக்கம். 22,000 என்றால் வருடத்துக்கு 2.64 லட்சம். வீடு வாங்காததால் கையில் மிஞ்சும் 37 லட்சத்தை ஆறு சதவீதத்துக்குப் போட்டு வைத்தாலும் 2.2 லட்சம் வரும், வாடகையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, வாங்கினால் ஐந்து லட்சம் வட்டியும் 2.2 லட்சம் வட்டி இழப்பும், வாங்காவிட்டால் 2.64 லட்சம் வாடகை. நடுவில் இருக்கும் நாலரை லட்சத்தை வீட்டின் விலை ஏற்றம் ஈடுகட்ட வேண்டும், அதாவது முதல் சில வருடங்களில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு சதவீதமாவது ஏற வேண்டும், அதுவும் நுழைவுச் செலவைக் கணக்கில் சேர்க்காமல். ஏறலாம். ஆனால் ஃபிளாட் விலை வருடக்கணக்கில் நகராமல் நின்றதையும் இதே ஊரில் பார்த்திருக்கிறோம்.

வரி மிச்சமாகும் என்பார்கள். பழைய வரி முறையில் இருந்தால் சரி, குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது கிடையாது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று சம்பளச் சீட்டு போடுகிறவரைக் கேட்டுவிட்டு அப்புறம் இந்த வாதத்தை எடுங்கள்.

வாடகை நின்றுவிடாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏறினால் 22,000 என்பது பத்து வருடத்தில் 36,000-ஐத் தொடும், இருபது வருடத்தில் 58,000. ஈ.எம்.ஐ.யோ வட்டி விகிதம் மாறாத வரை அதே 52,000-ல் இருக்கும், அப்புறம் ஒருநாள் முடிந்தும் விடும். ரிட்டயர் ஆன பிறகு வாடகை கொடுப்பது எப்படியிருக்கும் என்று என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மறைந்திருக்கும் செலவு வேறு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூணு மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம் என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் செல்லும் என்று ஒரு வாசல் வைத்திருப்பதால் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்னும் நடக்கிறது. இரண்டு மூணு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முப்பது நாற்பதாயிரம் எப்படிப் போனது என்றே தெரியாது. "என் பையன் அமெரிக்காவுலேர்ந்து வர்றான், காலி பண்ணுங்க" என்ற போன் ஏப்ரலில் வராமல் பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஆகஸ்டில்தான் வரும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, அசைவம் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல் விருந்தாளி கூடாது. இதற்கெல்லாம் எண் போட முடியாது, ஆனால் வீடு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கணக்கைப் பார்த்து வாங்குவதில்லை, இந்தப் பேச்சைக் கேட்க முடியாமல்தான் வாங்குகிறார்கள். அதில் தப்பும் இல்லை.

யாருக்கு வாடகை சரி: வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்று தெரியாதவர்கள், கணவன் மனைவி அலுவலகங்கள் இரண்டு கோடியில் இருப்பவர்கள், ஈ.எம்.ஐ.க்கும் வாடகைக்கும் நடுவில் இருக்கும் முப்பதாயிரத்தை உண்மையிலேயே மாதா மாதம் எடுத்து வைப்பவர்கள். கடைசியில் சொன்னதுதான் சிக்கல். ஈ.எம்.ஐ. இழுத்துப் பிடித்துச் சேமிக்க வைக்கும், வாடகையில் இருப்பவரின் முப்பதாயிரம் ஸ்விகியிலும் புது போனிலும் கரைந்துவிடும். என் விஷயத்தில் நாலு வருடம் அப்படித்தான் கரைந்தது.

## வழி 2: புறநகரில் புது ஃபிளாட்

நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் பக்கம். இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் (இது வரி இல்லை, தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் விளையாட இடம், வாசலில் செக்யூரிட்டி. நல்லது நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. லிஃப்ட் உண்டு, கார் நிறுத்தத் தெருவில் சண்டை போட வேண்டாம், பெண் குழந்தை சாயங்காலம் பயமில்லாமல் கீழே போய் விளையாடும்.

80 லட்சம் என்று போர்டில் எழுதியிருக்கும் வீடு முடிவில் எவ்வளவு ஆகிறது? கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 4 லட்சம் (45 லட்சத்துக்குள் விலையும் 60 சதுர மீட்டருக்குள் கார்ப்பெட் ஏரியாவும் இருந்தால் 1 சதவீதம்தான்; கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அறவே கிடையாது). பில்டரிடமிருந்து நேராக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பதிவுச் செலவு குறைந்தது: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7 சதவீதம். அது ஒரு 5.6 லட்சம். கார்ப்பஸ் ஃபண்ட் (வளாகத்தின் பெரிய செலவுகளுக்குச் சேர்த்து வைக்கும் நிதி), ஒரு வருட மெயின்டனன்ஸ் முன்பணம் என்று இன்னொரு லட்சம், ஒன்றரை லட்சம். மாடுலர் கிச்சன், அலமாரி, கிரில், ஃபேன், ஏ.சி. என்று எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் ஐந்தாறு லட்சம். பேங்கில் 60 லட்சம் வாங்கினால் கையிலிருந்து 36, 37 லட்சம் போகிறது. தம்பியின் சேமிப்பு மொத்தமும் அதோடு துடைத்துக்கொண்டு போய்விடும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? வேலை போனால்?

அப்புறம் அளவு. 1,200 சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப், அதாவது படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொன்னது. காலை வைத்து நடக்கிற கார்ப்பெட் ஏரியா 850, 900-தான் இருக்கும். ரெராவில் பதிந்த ஒவ்வொரு திட்டத்துக்கும் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும், அதைக் கேட்டு விலையை அதால் வகுத்துப் பாருங்கள். எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டால் அனுமதி வாங்கிய வரைபடம் முதல் எப்போது முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது வரை பார்க்கலாம். விற்பனைப் பையன் சொன்ன தேதியும் அங்கே இருக்கும் தேதியும் ஒன்றாக இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், ஆச்சரியப்படுகிறேன்.

தாமதமானால் வட்டி கேட்கும் உரிமையைச் சட்டம் தருகிறது, கட்டுமானத்தில் அடிப்படைக் குறை தெரிந்தால் ஐந்து வருடம் வரை பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் உரிமை கைக்கு வந்து சேரும் வரை வாடகையும் கட்டிக்கொண்டு கடன் வட்டியும் கட்டிக்கொண்டு இருக்கப்போவது நீங்கள். 2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள், பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் பணம் போட்டவர்களை நினைத்தால், முடிந்த வீடாகப் பார்த்து இரண்டு மூணு லட்சம் அதிகம் கொடுப்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. மிச்சமாவதில் பெரும்பாலும் அது சரிக்கட்டியும் விடும்.

இனி தண்ணீர். 2019 கோடையில் நான் துரைப்பாக்கம் தாண்டி ஒரு பெரிய குடியிருப்பில் வாடகைக்கு இருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து கிடந்த வருடம். சில ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது கொரோனாவுக்கு முன்னாலேயே அந்தக் கோடையில்தான், வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்ன. எங்கள் வளாகத்தில் விடிகாலை நாலு மணிக்கு லாரி சத்தம் கேட்டால் நிம்மதி, கேட்காவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் ரகளை. மெயின்டனன்ஸோடு தண்ணீருக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ந்தது, இரண்டே மாதத்தில் மொத்தம் இரட்டிப்பானது. நான் வாடகைக்காரன், பெட்டியைக் கட்டினேன். எதிர் வீட்டில் சொந்தமாக வாங்கியிருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2024-ல் நெம்மேலியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது கடல்நீர்க் குடிநீர் ஆலை வந்துவிட்டது, நிலைமை முன்னைவிடத் தேவலைதான். இருந்தாலும் நீங்கள் பார்க்கும் வீட்டு வாசலுக்கு அந்தக் குழாய் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வளாகத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர் யாரையாவது பிடித்து ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரிக்கு எவ்வளவு, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு என்று அதில் வரி வரியாக இருக்கும். எந்த பிரோஷரிலும் இது இருக்காது. பில்டர் கையில் இருக்கும் வரை மெயின்டனன்ஸ் குறைவாகத் தெரியும், அசோசியேஷன் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தொகை வெளியே வரும். வீட்டுக்கு மாதம் 7,500-ஐத் தாண்டினால் பெரிய அசோசியேஷன்களில் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

டிசம்பர் தண்ணீருக்கு ஒரே வழி, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று டீக்கடையில் கேட்பது. மூணாவது மாடிதானே என்று நினைக்காதீர்கள். கார் ஸ்டில்ட்டில் நிற்கிறது, மின் இணைப்புப் பெட்டியும் சம்ப்பும் கீழே இருக்கின்றன, பால் பாக்கெட்டும் கீழே இருந்துதான் வர வேண்டும்.

மெட்ரோ வரப்போகிறதே என்பான் தம்பி. வரும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான பாதை இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தைக் காட்டித்தான் உங்களிடம் இன்றைய விலையையே சொன்னார்கள், அதனால் மெட்ரோவுக்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுக்கிறீர்கள்.

யாருக்குச் சரி: இரண்டு பேர் அலுவலகமும் அதே பக்கம், குழந்தையை அங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று, வயதானவர்களுக்கு லிஃப்ட் அவசியம், சேமிப்பு மொத்தத்தையும் துடைக்காமலே வாங்க முடிகிறது. இவர்கள் தாராளமாக வாங்கலாம். விலை ஏறினால் லாபம் என்று மட்டும் நினைத்து வாங்க வேண்டாம்.

## வழி 3: ஊருக்குள் பழைய ஃபிளாட்

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் என்று எங்கே போனாலும் ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட மூணு மாடிக் கட்டடங்கள் இருக்கும். லிஃப்ட் இருக்காது. பெயின்ட் உரிந்திருக்கும். முதல் தடவை பார்க்கப் போகும்போது மனைவி முகத்தைப் பார்க்காதீர்கள்.

மண் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். அந்தத் தெருவில் மனை சதுர அடி 10,000 என்று வைத்துக்கொண்டால் 500 சதுர அடி பாகத்தின் மதிப்பு 50 லட்சம். நீங்கள் கொடுக்கும் 80 லட்சத்தில் 50 மண்ணில் நிற்கிறது. சிறுசேரி பக்கம் மனை 4,000 என்றால் 370 சதுர அடிக்கு 15 லட்சம் கூட இல்லை, மீதி 65 லட்சம் கான்கிரீட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் பேப்பரில் வந்த முழுப்பக்க விளம்பரத்துக்கும். எண்களை உங்கள் தெருவுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

பழைய கட்டடம் இடிந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். முன்பு ஒரே ஒருவர் அடம் பிடித்தாலும் கதை முடிந்தது. குறியீடு 1.5-லிருந்து 2 ஆனதால் மிச்சமாகும் இடத்துக்காக பில்டர்களே தேடி வருகிறார்கள். அதற்காக நாளைக்கே நடந்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள், எட்டு வீட்டில் ஆறு பேர் ஒத்துப்போவது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரே ஒரு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனால் புரியும். எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. மொட்டை மாடி ஒழுகாமல் இருக்க வெதரிங் கோர்ஸ் போட எட்டு மாதம் பேசினோம். கீழ் வீட்டுக்காரர் "மொட்ட மாடி ஒழுகுனா எனக்கென்ன" என்றார், மேல் வீட்டுக்காரர் "சம்ப் மோட்டார் ரிப்பேருக்கு நான் ஏன் தரணும்" என்றார்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம், ஒளிக்காமல் சொல்கிறேன். ரீசேலுக்குப் பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7.2 லட்சம். ஜி.எஸ்.டி. கிடையாது. புரோக்கருக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது அவர் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி என்று பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய தொகை பல மடங்கு, அதைத் தவறவிட்டால் வருமான வரித்துறை வந்து நிற்பது உங்கள் வாசலில்.

ரிப்பேருக்கு நான் மூணு லட்சம் ஒதுக்கினேன், ஐந்தரை ஆனது. பழைய இரும்புக் குழாய்களை மொத்தமாக மாற்ற வேண்டியிருந்தது, வயரிங் இரண்டு ஏ.சி.யைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்து பால் காய்ச்சிய மூணாவது வாரம் கீழ் வீட்டு மாமி மேலே வந்து தன் பாத்ரூம் கூரையைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். நம் வீட்டுக் கசிவு இந்திய வரைபடம் மாதிரி அவர் கூரையில் படர்ந்திருந்தது. சன்ஷேடிலும் பால்கனி அடியிலும் கம்பி துருத்திக்கொண்டு தெரிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள், அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பத்திரம் தனிக் கதை. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, இதெல்லாம் பேங்க் கேட்கும். பழைய கட்டடங்களில் அடிக்கடி மாட்டுவது அந்த வரைபடம்: தாளில் தரையோடு இரண்டு மாடி, நேரில் போனால் மொட்டை மாடியில் இன்னொரு வீடு. அந்த மேல் வீட்டை வாங்காதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் வீட்டை வாங்குகிறீர்கள் என்றாலும் யு.டி.எஸ். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், நூறு சதவீதத்துக்கு மேல் போய் நிற்கிற கட்டடங்களும் இருக்கின்றன. பேங்க் வக்கீல் பார்த்துவிட்டாரே என்று இருந்துவிடாதீர்கள், அவர் பார்ப்பது பேங்குக்காக.

பாதியை ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தில் இருக்கும் தொகைக்குத்தான் பேங்க் கடன் கிடைக்கும், நாளைக்கு விற்கும்போது குறைத்துக் காட்டிய விலையைத்தான் வாங்கிய விலையாக எடுப்பார்கள், லாப வரி கூடும்.

யாருக்குச் சரி: ஏழெட்டு வருடம் ஊரை விட்டுப் போகப்போவதில்லை, மின்சார ரயிலோ மெட்ரோவோ நடக்கிற தூரத்தில் வேண்டும், படி ஏற முழங்கால் ஒத்துழைக்கிறது, பளபளப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை. லிஃப்ட் இல்லாத பத்து வீட்டுக்குள்ளான சின்னக் கட்டடங்களுக்கு 2023-ல் பொது மின்சாரக் கட்டணத்தையும் குறைத்தார்கள், எங்களுக்கு மெயின்டனன்ஸ் மாதம் 1,500-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

## வழி 4: மனை வாங்கிப் போடுவது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஃபிளாட்டையும் பிளாட்டையும் நம் ஊரில் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மனையில் மண் முழுக்க உங்களுடையது, அதுதான் அதன் பலம். ஆனால் குடியிருக்க முடியாது, வாடகை வராது, அதற்குக் கடன் வாங்கினால் ஈ.எம்.ஐ.யும் வாடகையும் சேர்ந்தே ஓடும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள் என்று பார்த்திருக்கிறோம், அதனால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (மனைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அங்கீகாரம் இல்லாததைப் பக்கத்தில் போய்க் கூடப் பார்க்க வேண்டாம். மாதம் ஒரு தடவையாவது போய் வேலியைப் பார்த்துவிட்டு வர ஆள் இருந்தால், பத்து வருடம் அந்தப் பணம் தேவைப்படாது என்றால், நல்லது. குடியிருக்க வீடு தேடும் தம்பி மாதிரி ஆட்களுக்கு இது விடை கிடையாது.

## தம்பிக்கு என்ன சொன்னேன்

மனைவிக்குக் கிண்டி, அவனுக்குச் சிறுசேரி. சிறுசேரியில் வாங்கினால் குழந்தையைக் கிளப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் தினமும் மூணு மணி நேரம் ரோட்டில் இருப்பாள். அவன் கம்பெனி மாறினால் அந்த ஒரு சௌகரியமும் போய்விடும். அதனால் இன்னும் ஒரு வருடம் வாடகை, அதற்குள் பெண்ணைச் சேர்க்கும் பள்ளியை முடிவு செய்யுங்கள், பள்ளிக்கும் ரயிலுக்கும் நடுவில் 65, 70 லட்சத்துக்குள் ஒரு பழைய வீடு, கையில் எட்டு லட்சமாவது மிச்சம் இருக்கிற மாதிரி வாங்குங்கள் என்றேன். "அப்ப பார்க்கிங் ஃப்ரீ போயிடும்ணா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டோக்கன் போடவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேரும் காலை ஆறு மணிக்கு அந்த வளாகத்தில் ஏற்கெனவே ஆட்கள் குடியேறிய பிளாக் வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் தண்ணீர் லாரி வருமா என்று கேட்டதற்கு, "காலைல மூணு, சாயங்காலம் ரெண்டு சார். இது நவம்பர். மே மாசத்த கேக்காதீங்க" என்றாராம். திரும்பி வருகிற வழியிலேயே அவள் ஆதம்பாக்கத்தில் ரீசேல் தேட ஆரம்பித்துவிட்டாள். அவன் மட்டும் நேற்று ராத்திரி மறுபடி போன் செய்து, ரெண்டாவது மாடிக்கு கேஸ் சிலிண்டரை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டான்.